மிளகாய்க் கொல்லைக்கு வந்த ரேடியோ மருமகள்

"ரேடியோவுக்குள்ள இருக்கிற புள்ளயே படிச்சுச் சீரழிஞ்சு கெடக்கு. வெளிய இருக்கிற நீ என்னத்தா பண்ணிரப் போற?"

கேட்டவர் என் பெரியய்யா, அய்யாவுக்கு மூத்தவர். பதினோராம் வகுப்பு தேறி ஒரு வருடமாக நான் வீட்டில் இருந்தேன். இராமநாதபுரத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு ஆள் சேர்க்கப் போகிறார்கள், நானும் போகிறேன் என்று அய்யாவிடம் சொல்லி வாயை மூடவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே பெரியய்யா இதைக் கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைக்கூடப் படித்ததில்லை. வண்டியின் நிறத்தையும் டிரைவரின் மீசையையும் பார்த்து ஏறி, சரியான ஊரில் இறங்கிவிடுவார்கள். அதனால் என் படிப்பில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இன்றும் உண்டு. அந்தத் திமிரோடு, "ரேடியோவுக்குள்ள யாரும் இல்ல பெரியய்யா, அது கதை" என்றேன்.

"கதைன்னா காரணம் இல்லாமயா சொல்லுவான்?" என்றார்.

அய்யா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மாடு வாங்கப் போனால் அது தண்ணீர் குடிப்பதையும் சாணி போடுவதையும் பார்க்காமல் விலை பேச மாட்டார். அவருக்குத் தெரிந்த படித்த பெண்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி ரேடியோவில் இருந்தாள். பிறந்தது முதல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தும் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை போலிருக்கிறது. "கதை முடியட்டும் தாயி. அந்தப் புள்ள கதி என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன்" என்றார்.

ஆக, நான் டீச்சர் ஆவதும் ஆகாததும், கடலுக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாத ஒருவர் எழுதிக்கொண்டிருந்த தொடர் நாடகத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

எங்கள் ஊர் நயினார்கோவிலுக்குப் பக்கத்தில். பஞ்சாயத்து ஆபீசில் ரேடியோ இருந்தது. மின்சாரம் வராத ஊர், அதனால் செங்கல் கனத்தில் ஒரு பேட்டரியை வைத்து ஓட்டினார்கள். உரத்தைப் பற்றியும் பூச்சியைப் பற்றியும் சம்சாரிகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அரசாங்கம் கொடுத்த பெட்டி அது. பெட்டிக்குள் உரத்துக்காரர் தொண்டையைச் செருமியதும் பஞ்சாயத்து கிளார்க், பையன் காதைத் திருகுவது போலக் குமிழைத் திருகுவார். பெட்டி கரகரத்துவிட்டுக் கொழும்புக்குப் போய்விடும். கடல் பக்கம் என்பதால் எங்களுக்கு மதராசைவிடக் கொழும்பு துல்லியமாகக் கேட்கும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிற நேரத்துக்கு நாடகம்.

ஆபீசுக்கு முன்னால் வேப்பமரத்தடி முழுக்க ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெண்களுக்கு அது உலை வைக்கிற நேரம். எனக்கு மட்டும் அடுப்படியிலிருந்து விலக்கு. படித்த பிள்ளையின் கண்ணில் புகை படக்கூடாது என்று ஆத்தா தானாகவே ஒரு சட்டம் போட்டிருந்தாள், நான் மறுக்கவில்லை. ஆபீசின் பின்பக்க ஜன்னலுக்குக் கீழே உடைந்த ஆட்டுக்கல் ஒன்று கிடந்தது. அதில் உட்கார்ந்தால் ரேடியோ என் தலைக்கு நேர் மேலே பேசும். நான் யார் கண்ணிலும் பட மாட்டேன்.

கதை இதுதான். பி.ஏ. படித்த ஒரு பெண் பெரிய வீட்டுக்கு மருமகளாகப் போகிறாள். அவள் பேப்பரை விரித்தால் அடுப்பில் பால் பொங்கி வழியும். வாய் தவறி இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னால் மாமனாருக்கு நெஞ்சைப் பிடிக்கும். மாமியார் ஏசுவாள், இவள் அழுவாள், உடனே யாரோ வீணையை எடுத்து வாசிப்பார்கள். புருஷன் என்று ஒருவன் உண்டு. இருமுவான். இருமி முடித்து, "அம்மா சொன்னால் அதில் அர்த்தம் இருக்கும்" என்பான். வாராவாரம் அவனுக்கு இந்த இரண்டு வேலைதான். இரண்டில் இருமல்தான் கேட்கும்படியாக இருந்தது.

அந்த வீட்டில் ஒரு கதவு இருந்தது. யார் வந்தாலும் போனாலும் கிரீச்சென்று கத்தும். பணக்கார வீடு என்கிறார்கள், கீலுக்கு ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட ஆளில்லை. அதே கதவு அவளுடைய பிறந்த வீட்டிலும் கத்தியது, ஆஸ்பத்திரியிலும் கத்தியது, ஒரு தடவை கோயில் பிராகாரத்திலும் கத்தியது. மழை பெய்தால் முறத்தில் உளுந்து புடைக்கிற சத்தம் வரும்.

மாமியாராகப் பேசியவள்மேல் மட்டும் எனக்கு உயிர். அந்தக் குரலில் காரமும் புளியும் உப்பும் அளவாக இருந்தன. அவள் ஏச ஆரம்பித்தால் வேப்பமரத்தடியில் வெற்றிலை துப்புகிற சத்தம்கூட நின்றுவிடும். எனக்கு எரிச்சல் எல்லாம் மருமகள்மேல்தான். பி.ஏ. வரைக்கும் படித்தவளுக்கு ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. "அத்தை, நான்..." என்பாள். வீணை வந்துவிடும். அந்த 'நானு'க்குப் பிறகு என்ன என்று நான் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பேன். அடுத்த வாரமும் 'நான்' வரைக்கும்தான் வருவாள்.

மாசி, பங்குனி எங்கள் பக்கம் மிளகாய்ப் பழம் எடுக்கிற காலம். எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து இன்றைக்கு எங்கள் கொல்லை, நாளைக்கு உங்கள் கொல்லை என்று மாற்றி மாற்றி எடுத்துக்கொடுப்போம். ஆளுக்கொரு வரிசை பிடித்து, இடுப்பில் ஓலைப்பெட்டியோடு குனிந்தபடி போக வேண்டும். வெள்ளிக்கிழமை நாடகத்தைச் சனிக்கிழமை காலையில் கொல்லையில் சொல்வது என் வேலையாயிற்று. என்னை நடு வரிசையில் விட்டார்கள். முந்திப் போகிறவள் கையைத் தளர்த்துவாள், பிந்திப் போனவள் ஓடி வருவாள். இல்லாவிட்டால் கதை காதில் விழாது. பழ எடுப்பு அதுவரைக்கும் அவ்வளவு ஒழுங்காக நடந்ததே இல்லை.

முதல் வாரம் நான் உள்ளது உள்ளபடி சொன்னேன். எனக்குக் குரல் மாற்றிப் பேச வரும். மாமியார் மருமகளின் புத்தகப் பெட்டியைத் தெருவில் வீசுகிற இடம் வந்தது. மாமியாராக ஏசி, மருமகளாக விசும்பி, வாயாலேயே வீணையும் வாசித்தேன். தெற்கு வீட்டு அத்தைக்குத் தாங்கவில்லை. எங்களுக்கு உறவு இல்லை, எல்லோருக்கும் அவள் அத்தை. ஊரிலேயே வாய்த் துடுக்கு அவளுக்குத்தான். அந்தத் துடுக்குக்காரி பொல பொலவென்று அழுது, கையால் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

காலையிலிருந்து மிளகாய் பறித்த கை. அடுத்த நொடி அத்தை ஓலைப்பெட்டியைப் போட்டுவிட்டு வரப்பைப் பார்த்து ஓடினாள். அவளைப் பார்த்துப் பதறிய இன்னொருத்தியும் கண்ணைத் தொட்டாள். பிறகு ஆத்தா. ஏற்கெனவே எல்லோரும் அழுதுகொண்டுதானே இருந்தார்கள். குடிக்கக் கொண்டு வந்த குடத்துத் தண்ணீரெல்லாம் கண் கழுவியே காலியாயிற்று. வெயில் ஏறுவதற்குள் பாதிக் கொல்லையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

"ஏண்டி, அவ அழுதா அவ கண்ணோட போச்சு. நாங்க அழுதா மொளகாடி" என்றாள் அத்தை. இரண்டு கண்ணும் வீங்கி, என்னைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினாள். "இனிமே அழுகுற எடத்தையெல்லாம் எடுத்துப்புட்டுச் சொல்லு. இல்லையா, வாயைப் பொத்திக்கிட்டுப் பழத்தை எடு."

நியாயமான பேச்சு. அழுகையை எடுத்துவிட்டுச் சொல்வது பெரிய வேலை இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். உட்கார்ந்து யோசித்தால், அந்தக் கதையில் அழுகையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கதவும் இருமலும்தான்.

அடுத்த வாரம் மாமியார், "பேப்பர் படிக்கிறவளுக்கு இந்த வீட்டில் சோறு கிடையாது" என்றாள். ரேடியோவில் மருமகள் வழக்கம்போல, "அத்தை, நான்..." என்று சொல்லிவிட்டு அழப் போய்விட்டாள். கொல்லையில் அவளால் அழ முடியாது. வேறு ஏதாவது செய்தாக வேண்டும். அதனால் நான் அந்த வாக்கியத்தை முடித்தேன்.

"அத்தை, நான் சாப்பிட்டாச்சு. உங்களுக்குத்தான் பாக்கி. மழை வரும்னு பேப்பர்ல போட்டிருக்கு. வாங்க, காயப்போட்ட வத்தலை அள்ளிட்டு வந்து சோறு போடுறேன்."

கொல்லை முழுக்கச் சிரித்தது. தெற்கு வீட்டு அத்தை நிமிர்ந்து நின்று, "இப்பத்தாண்டி அவ படிச்சவ" என்றாள்.

அதோடு கதை என் கையை விட்டு, ரேடியோக்காரர் கையையும் விட்டு, தானாக ஓட ஆரம்பித்தது. ஒரு தடவை பதில் கேட்ட மாமியார் அடுத்த வாரம் பழையபடி ஏச முடியாது. மழையில் நனையாத வத்தலுக்கு நன்றி என்று ஒன்று இருக்கிறதல்லவா. ரேடியோவில் மருமகளை இருட்டறையில் போட்டுப் பூட்டிய வாரம், எங்கள் கொல்லையில் மாமியார் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, "அந்தக் காயிதத்துல இன்னைக்கு என்னடி போட்டிருக்கான்?" என்று கேட்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் பய இருமலுக்கு ஒரு வழி பண்ணுடி, கேக்கவே சங்கடமா இருக்கு" என்றாள் ஆத்தா. மருமகள் தூதுவளை ரசம் வைத்துக் கொடுத்தாள். இருமல் நின்றது. இருமல் நின்ற பிறகு அவனுக்குப் பேச ஒன்றும் இல்லை, அவனைச் சந்தைக்கு அனுப்பிவிட்டேன். அவன் திரும்பி வரவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

சிக்கல் சோற்றுத் தட்டுக்கு முன்னால் வந்தது.

"பாவம் அந்தப் புள்ள" என்றார் அய்யா, சாப்பிட்டுக்கொண்டே. "இருட்டறையில போட்டுப் பூட்டிட்டா மாமியாக்காரி."

ஆத்தா அகப்பையோடு நின்றாள். "என்னத்தைக் கேட்டீக? ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டுல்ல இருக்காக?"

"நான் காதால கேட்டேன்."

"நானும் காதாலதான் கேட்டேன்."

"எவ சொன்னா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயில் சோறு இருந்தது. தேவைக்கு மேலேயே மென்றேன். பிறகு, "நீங்க சொல்றது ரேடியோவுல நடந்தது அய்யா. ஆத்தா சொல்றது கொல்லையில நடந்தது" என்றேன்.

"ஒரு புள்ளைக்கு எப்படித் தாயி ரெண்டு நடப்பு?"

"மொளகா இல்லாத எடத்துல அழுகுறா. இருக்கிற எடத்துல அழுக வழியில்ல."

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அய்யா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஆத்தாதான் முடித்துவைத்தாள். "நம்ம புள்ள சொல்றதுதான் சரியா இருக்கும். ரேடியோக்காரன் வீட்டுல எவ மொளகா எடுத்தா?"

அடுத்த சனிக்கிழமை அய்யா கொல்லைக்கு வந்தார். பழ எடுப்பு நடக்கும்போது ஆண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. "சாக்கு கிழிஞ்சு கெடக்கு, தைக்கணும்" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு, வரப்போரத்து உடைமுள் மரத்து நிழலில் கோணி ஊசியோடு உட்கார்ந்தார். அந்தப் பருவம் முடிகிற வரைக்கும் அவர் அந்த ஒரே சாக்கைத்தான் தைத்தார். நான் தண்ணீர் குடிக்கக் கதையை நிறுத்தினால் வரப்பிலிருந்து, "பெறகு?" என்று குரல் வரும். தலை மட்டும் நிமிராது.

பங்குனிக் கடைசியில் பேட்டரி தேய ஆரம்பித்தது. மாமியார் கிணற்றுக்குள்ளிருந்து ஏசுவதுபோல் கேட்டது. பேட்டரிக்குச் சூடு குறைந்துவிட்டது, வெயில் காட்டினால் சரியாகும் என்று யாரோ சொல்ல, கிளார்க் அதை எங்கள் களத்துக்கு எடுத்துவந்து வத்தலுக்கு நடுவில் காயப்போட்டார். வத்தலைப் புரட்டும்போது ஆத்தா அதையும் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டாள். ஒரு வாரத்துக்குப் பேட்டரி பிழைத்தது. அந்த வாரம் மாமியார், "வீடா, படிப்பா? இரண்டில் ஒன்று சொல்" என்று கேட்டாள். அடுத்த வாரம் கடைசி வாரம் என்று ரேடியோக்காரர் அறிவித்தார்.

கடைசி வெள்ளிக்கிழமை மரத்தடியில் இடம் இல்லை. கதவு கிரீச்சென்றது. "அத்தை, நான்..." என்றாள் மருமகள். பேட்டரி செத்துப்போனது. வீணைகூட வரவில்லை.

பெட்டியைக் குலுக்கினார்கள், தட்டினார்கள், ஒருவர் அதன் பின்பக்கத்தை ஊதிப் பார்த்தார். புதுப் பேட்டரி இராமநாதபுரத்திலிருந்து வர வேண்டும், வருகிறபோது வரும் என்று கிளார்க் கதவைப் பூட்டினார். எனக்கோ பயிற்சிக்கு மனுக் கொடுக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அய்யாவிடம் கேட்டால், "முடிவு தெரியலையே தாயி" என்றார். ஒரு செத்த பேட்டரிக்குப் பின்னால் நானும் அந்த மருமகளும் 'நான்' என்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

முடிவு தெரியாமல் தவிக்காத ஒரே ஆள் பெரியய்யா. "கெணத்துல விழுந்துட்டா. வேற என்ன வழி அவளுக்கு?" என்று முதலில் சொன்னார். பிறகு, அவள் எந்தப் பக்கத்துப் படியில் இறங்கினாள் என்று சொன்னார். கொஞ்ச நாளில் கிணற்றின் ஆழத்தையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். "அதனால தம்பி, ஒம் மகளுக்கு ஒரு மாப்பிள்ளயப் பாரு" என்று முடிப்பார்.

எங்கள் கொல்லையில் கடைசிப் பழ எடுப்பு. செடியெல்லாம் வதங்கி, பழம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. அய்யா சாக்கோடு வரப்பில் இருந்தார். மாட்டுவண்டி இரவல் கேட்க வந்த பெரியய்யாவும் அவருக்குப் பக்கத்தில் நின்றார்.

"முடிவைச் சொல்லுடி. இன்னையோட செடியும் முடிஞ்சுருது" என்றாள் தெற்கு வீட்டு அத்தை.

எத்தனையோ முடிவுகளை வைத்திருந்தேன். மருமகளைத் தலைமை ஆசிரியையாக்கி, மாமியாரை முதல் பெஞ்சில் உட்கார வைத்து அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிற முடிவுகூட இருந்தது. வாய் வரவில்லை. நான் சொன்னால் அது என் ஆசை என்று அய்யாவுக்குத் தெரிந்துவிடும். இத்தனை வாரமும் கதையாகக் கேட்டவர் இன்றைக்கு அதை என் மனுவாகக் கேட்பார்.

"எனக்கும் கேக்கல அத்தை. பேட்டரி போச்சுல்ல" என்றேன்.

"கேக்குறதுக்கு என்ன இருக்கு" என்றார் பெரியய்யா. "கெணத்துல விழுந்துட்டா."

வரிசை நின்றது. அய்யாவின் ஊசியும் நின்றது.

"இல்லண்ணே" என்றார் அய்யா.

அய்யா அண்ணனிடம் 'இல்லை' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பெரியய்யாவும் அப்போதுதான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"அந்தப் புள்ள கெணத்துல விழுகுற புள்ள இல்லண்ணே."

"நீ கண்டியாலே?"

"இத்தன வாரம் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். மழை வருதுன்னு வத்தலை அள்ளுச்சு. மாமியாளுக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுச்சு. அந்தப் பய இருமலை நிப்பாட்டுச்சு. அது எதுக்குக் கெணத்துல போயி விழுகுது? 'அத்தை, நான் போயிட்டு லீவுக்கு வாரேன்'னு சொல்லிட்டுப் பஸ்ஸேறிருக்கும்."

"ஏலே, இதெல்லாம் ரேடியோவுல எங்கலே வந்துச்சு?"

"பேட்டரி சரியில்லண்ணே" என்றார் அய்யா, சாக்கை உதறிக்கொண்டே.

தெற்கு வீட்டு அத்தை சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்து, பழையபடி கையால் துடைத்துவிட்டு, குடத்தைப் பார்த்து ஓடினாள். எனக்கும் கண் கரித்தது. நான் படித்தவள், தோளில் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வருகிற வழியில் அய்யா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எந்த பஸ்ஸு தாயி? பச்சையா, செவப்பா?"

பச்சை பஸ்தான். அதன் நெற்றியில் எழுதியிருந்ததை ஊருக்கே கேட்கும்படி சத்தமாகப் படித்துவிட்டு ஏறினேன்.

பயிற்சிப் பள்ளி விடுதியில் என் பக்கத்துப் பாய், தங்கச்சிமடத்துப் பெண்ணுடையது. கடலுக்குப் போகிற வீடு. அவர்கள் தெருவில் சொந்த ரேடியோவே இருந்ததாம், கடைசி வாரத்தை ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள். வந்த அன்றைக்கே கேட்டுவிட்டேன். மருமகள் கிணற்றில் விழவில்லை, மாமியாரின் காலில்தான் விழுந்தாளாம். புத்தகங்களைத் தன் கையாலேயே அடுப்பில் போட்டாளாம். அன்றைக்குப் பால் பொங்கி வழியவில்லையாம். மாமியார் சாவிக்கொத்தைக் கொடுத்தாளாம். புருஷன் இருமினானாம்.

"நாங்க எல்லாரும் நல்லா அழுதோம்" என்றாள்.

"கருவாடு காயப்போடுற கையோட கண்ணைத் துடைச்சா ஒண்ணும் ஆகாதா?"

"அது உப்பு, இதுவும் உப்பு. என்ன ஆகப் போகுது?" என்றாள்.

அவர்களுக்கு வசதிதான். எங்களுக்கு அப்படி இல்லை. ஊரில் புதுப் பேட்டரி வந்துவிட்டது, புது நாடகமும் வந்துவிட்டது, அதிலும் ஒருத்தி வாராவாரம் அழுகிறாள், கொல்லையில் சொல்ல ஆளில்லை என்று லீவுக்குப் போனபோது ஆத்தா குறைப்பட்டுக்கொண்டாள். அடுத்த பழ எடுப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது.

விடுதிக்குத் திரும்பி வந்து, அந்தப் பழைய நாடகத்தின் கடைசி வாரத்தை, "அத்தை, நான்" என்ற இடத்திலிருந்து தொடங்கி எழுதினேன். வீணை கிடையாது. கதவுக்கு எண்ணெய் விட்டாயிற்று. மாமியாருக்குத்தான் நிறையப் பேச்சு; அந்தக் குரலை வீணாக்க மனமில்லை. மிளகாய் எடுக்கிற கையோடும் கேட்கலாம் என்று மேலே ஒரு வரி சேர்த்து, கொழும்பு விலாசத்தை எழுதி, நேற்று மத்தியானம் தபாலாபீசில் கொடுத்துவிட்டு வந்தேன்.